பழவேற்காட்டுக்குத் தனிப் பிரயாணம்

மீஞ்சூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பழவேற்காடு சேர்வதற்குள், "துணைக்கு யாரும் வரவில்லையா, அம்மா?" என்று மூன்று பேர் விசாரித்துவிட்டார்கள்.

டச்சுக்காரர் 1613-ல் எழுப்பிய ஜெல்டிரியா கோட்டை இன்று வெறும் முட்புதர் மேடு. வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய அவர்கள் இடுகாடோ அப்படியே இருக்கிறது. ஆண்ட இடம் போயிற்று. மாண்ட இடம் நிற்கிறது!

ஏரிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள தீவுக்குப் பாலம் வழியே சென்றேன். இடுப்பளவு நீரில் இருளர் ஸ்திரீகள், ஓலைப்பறியைப் பல்லில் கவ்வியபடி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மீனவக் கிராமத்தார் வலையிடும் இடங்களை முறைவைத்துப் பங்கிடுவதற்குப் 'பாடு' என்று பெயர். அந்தப் பங்கு ஆண்களுக்கே உரியது, இவர்களுக்குக் கிடையாது.

"தண்ணீரில் பயமில்லையா?" என்று கரையேறிய ஒருத்தியைக் கேட்டேன்.

"தண்ணி என்னம்மா செய்யும்? கெளுத்தி முள்ளு குத்திச்சுன்னா ரெண்டு நாள் பொழப்புப் போச்சு!" என்று சொல்லிவிட்டு, பறியைக் கவ்விக்கொண்டு மறுபடி இறங்கினாள்.