விதை பெரிதா, நிலம் பெரிதா?

லட்சக்கணக்கான பேர் ஓடுகிற ஓட்டப் பந்தயம். முந்தி வருகிறவனுக்கே பரிசு. விந்தணுக்களைப் பற்றிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். பெண்களாகிய நாங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டு எழுதிக்கொண்டோம். இந்தப் பந்தயத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. ஓடுகிற பாதைக்கு என்ன வேலை இருக்க முடியும்? பேசாமல் கிடக்க வேண்டியதுதானே!

இந்தப் பந்தயக் கதைக்குச் சற்றும் கட்டுப்படாத ஜந்து ஒன்று உண்டு. நீர்வண்டு என்று பெயர். சிறகுக்கு அடியில் காற்றைச் சேமித்துக்கொண்டு குளத்துக்குள் மூழ்கி இரை தேடும் வண்டு. 1895இல் பல்லோவிட்ஸ் என்ற ஜெர்மானியர் இதன் விந்தணுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதினார். அவை தனித்தனியாக இல்லை. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு ஜோடியாக இருந்தன. வேறு சில இன நீர்வண்டுகளில் ஜோடியோடும் நிற்பதில்லை. கூம்பு போன்ற தலை. அதன் அடியில் ஒரு குழிவு. ஒன்றின் தலை அடுத்ததன் குழிவுக்குள் செருகிக்கொள்கிறது. சமையலறை அலமாரியில் டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று போட்டு வைக்கிறோமே, அந்த மாதிரி நீளமான அடுக்கு! வால்களெல்லாம் வெளியே நின்று அசைய, அடுக்கு முழுவதும் சேர்ந்து நீந்திப் போகிறது.

வெட்டுக்கிளிக்கு வேறு ஏற்பாடு. தலைகளையெல்லாம் பிசின் போன்ற ஒன்றில் பதித்துக் கட்டாக்கி விடுகிறது. நமக்குப் பட்டு நூல் தருகிற பட்டுப்பூச்சியிலோ பிறக்கும்போதே கட்டுத்தான். கட்டு ஒன்றுக்கு 256.

முட்டையோடு சேரப்போவது ஒன்றே ஒன்று. அப்படியிருக்க, போட்டிக்காரர்கள் கைகோத்துக்கொண்டு போவானேன்?

அமெரிக்காவில் டான் ஹிக்கின்ஸன், ஸ்காட் பிட்னிக் முதலியோர் இந்த விஷயத்தை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். ஆணின் அணுவைப் பார்த்ததோடு நிற்காமல், பெண் வண்டின் உள்ளுறுப்புகளையும் அவர்கள் அளந்தார்கள். (பெண்ணையும் பார்க்கலாம் என்று தோன்ற இத்தனை காலமா என்று என்னைக் கேட்காதீர்கள்.) பல இன வண்டுகளுக்கு வம்ச விருட்சம் போட்டு, எந்த மாறுதல் முன்னே, எது பின்னே என்று கணக்குப் பார்த்தார்கள். பெண்ணின் உள்வழியுடைய அளவும் வடிவமும் மாறியதை ஒட்டியே அணுவின் நீளம், தலையின் அமைப்பு, கூட்டின் பருமன் எல்லாம் மாறியிருந்தன. சில இனங்களில் கூட்டுச் சேரும் வழக்கமே ஒழிந்துபோயிற்று. அதற்குக் காரணம் பெண்ணின் உள்வழி மாறியதுதான் என்று கணக்குக் காட்டியது. கூட்டு உள்ள இனங்களிலோ, அது பெண்ணின் உடலுக்குள் கருத்தரிக்கத் தோதான இடமாகப் பார்த்து நங்கூரம் பாய்ச்சி நிற்கிறது. அதாவது, பாதை மாறினால் ஓடுகிறவனின் உருவமே மாறுகிறது!

விந்தணுவை 1677இல் மைக்ராஸ்கோப்பில் கண்டு சொன்ன ஹாலந்துக்காரர் லீவென்ஹூக், குழந்தைக்கு மூலம் ஆணின் அணுவே, தாய் இடம் கொடுத்துப் போஷிக்கிறவள் மட்டுமே என்று நம்பினார். மைக்ராஸ்கோப்பைக் கண்ணாலும் பார்த்திராத எங்கள் பாட்டியும் அதையேதான் சொல்வாள்: "விதை அவங்களது, நிலந்தான் நம்மது."

எங்கள் உறவில் ஒரு சித்தி. கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தை இல்லை. 'தரிசு' என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லி, பிறந்த வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். சித்தப்பாவை எந்த டாக்டரிடமும் யாரும் அழைத்துப் போகவில்லை. பிள்ளை பிறந்தால் பெருமை விதைக்கு. பிறக்காவிட்டால் பழி நிலத்துக்கு. இது என்ன கணக்கோ, எனக்கு அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

வண்டுக்குச் சொன்னதை மனுஷருக்கு அப்படியே சொல்லிவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். மனிதருடைய விந்தணுக்கள் டம்ளர் அடுக்குக் கட்டுவதில்லை. ஆனாலும் சென்ற மாதம் சித்தியைப் பார்க்கப் போனபோது இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்தபடியே முழுவதும் கேட்டுக்கொண்டாள். பாட்டி பேச்சையோ சித்தப்பா பேச்சையோ எடுக்கவில்லை.

"அந்த வண்டுப் படம் இருந்தால் அடுத்த தடவை கொண்டு வாயேன்டி. பெண் வண்டின் படமும் இருக்குமில்லையா?" என்றாள்.