எழுபது வளைவுகளுக்கு அப்பால் அறப்பளீசுவரர்

நாமக்கல் மாவட்டத்தில், சமவெளியிலிருந்து சுவர் எழுப்பினாற்போல நிமிர்ந்து நிற்கிறது கொல்லிமலை. அடிவாரத்திலிருந்து பார்ப்பவர்க்கு அது ஒரே மலை. மேலே சென்றவர்க்கோ மேடும் பள்ளமும் வயலும் ஓடையுமாக ஒரு நாடே விரிந்து கிடப்பது தெரியும். ஒரு நாடு என்பதும் பிழை, பதினான்கு நாடுகள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு என்று நீளும் அப்பழம்பெயர்களையே இன்றைய ஊராட்சிகளும் தாங்கியிருக்கின்றன. அவற்றுள் வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில், ஐயாற்றின் அருகே அறப்பளீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். தேவார வைப்புத் தலம் இது. சீகாழி அருணாசலக் கவிராயரின் மைந்தர் அம்பலவாணக் கவிராயர் சதகம் பாடிப் போற்றியதும் இப்பெருமானையே. அந்நூலில் இம்மலைக்குச் சதுரகிரி என்று பெயர்.

அன்பர்களில் பெரும்பாலோர் இங்கே வேனிலோ காரிலோ வருகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகளுக்குத் தலை சுற்றும்; பெரியவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்களை மூடிக்கொள்வார்கள். கோயில் வாசலில் கண்திறந்து, தரிசனம் முடித்து, மீண்டும் மூடிக்கொள்வார்கள். முதியோரும் உடல் நலிந்தோரும் அப்படித்தான் வர இயலும், அதில் குறையேதுமில்லை. ஆனால் காலில் வலுவுள்ள இளையோரும் நடுவயதினரும் ஒருமுறையேனும் இந்த மலைக்கு மிதிவண்டியில் வரவேண்டும் என்பது என் கருத்து. சாலை வருமுன் மக்கள் ஒற்றையடிப் பாதைகளில் நடந்து ஏறிய மலை இது. அந்த நடையின் நிதானத்தைச் சக்கர வாகனங்களில் மிதிவண்டி ஒன்றே ஓரளவு காப்பாற்றித் தருகிறது.

ஏற்றம் காரவள்ளியில் தொடங்குகிறது. ஒவ்வொரு வளைவிலும் எழுபதில் அது எத்தனையாவது என்று எழுதிய பலகை நிற்கும். கடல் மட்டத்திலிருந்து மலையின் மேற்பரப்பு ஆயிரம் முதல் ஆயிரத்து முந்நூறு மீட்டர் உயரம். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கிவிட்டால் வெயில் உறைக்கும் முன் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். அந்நேரத்தில் பேருந்துகளும் குறைவு. வண்டியில் கியர் இருப்பது நன்று; முன்பற்சக்கரம் சிறியதாகவும் பின்பற்சக்கரம் பெரியதாகவும் வைத்துக்கொண்டால், விரைவு குறைந்தாலும் முழங்கால் பிழைக்கும்.

புதியவர்கள் அறியவேண்டியது ஒன்று. வளைவின் உட்புறம் எப்போதும் செங்குத்து. வெளிப்புறம் சற்றே சாய்வு குறைந்தது. இடப்பக்கம் செல்லும் நமக்கு வலப்பக்கம் திரும்பும் வளைவுகள் இரக்கம் காட்டும். இடப்பக்கம் திரும்பும் வளைவுகள் காட்டமாட்டா. எனவே பத்து வளைவு கடந்தபின் ஏற்றமும் இளைப்பாறலும் மாறி மாறி வரும் ஓர் ஒழுங்கு உடலுக்குப் பிடிபட்டுவிடும். ஐந்தெழுத்தை மனத்துக்குள் சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த ஒழுங்கு நல்ல துணை. மூச்சு வாங்கும்போது மனம் வேறெங்கும் ஓடுவதில்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் வெட்கமும் வேண்டாம்.

எழுபது வளைவுகளைத் தவிர்க்க விரும்புவோர்க்கு ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக வரும் சாலையும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு.

சோளக்காட்டை அடைந்தால் சந்தை. அன்னாசி, பலா, மலைவாழை, மிளகு. ஏறிவந்தவர்க்கு அங்கே கிடைக்கும் ஓர் அன்னாசிக் கீற்றின் சுவையைக் காரில் வந்தவர் அறியமாட்டார். அடுத்தது செம்மேடு. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரியின் சிலை இங்கே இருக்கிறது. ஓரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்திய அவனது வில்லாண்மையை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். பின்னர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று இந்த மலையைச் சேரனுக்குக் கொடுத்தான். ஆடிப் பதினெட்டை ஒட்டி ஓரிக்கு இங்கே விழா நடக்கும். அந்நாட்களில் மிதிவண்டியோடு வரவேண்டாம். மலை முழுதும் வண்டிகள்.

செம்மேட்டிலிருந்து கோயிலுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் விடுமுறை நாட்களில் வாகனங்கள் வரிசையாகச் செல்லும். நாம் தேடும் அமைதி அதில் இல்லை. அது இருப்பது நாட்டுக்கு நாடு செல்லும் கிளைச்சாலைகளில். ஒரு ஊரின் பள்ளிக்கூடத்தையோ நியாயவிலைக் கடையையோ தொட்டு முடிந்துபோகும் சாலைகள் அவை. வேறெங்கும் கொண்டு சேர்ப்பதில்லையாதலால் சுற்றுலா வண்டிகள் அவற்றில் திரும்புவதில்லை. அரை மணி நேரம் மிதித்தாலும் எதிர்ப்படுவது ஓர் இருசக்கர வாகனமும் நாலு ஆடுகளுமாக இருக்கும். இருபுறமும் சில்வர் ஓக் மரங்கள், அவற்றின்மேல் மிளகுக்கொடி, நிழலில் காப்பிச்செடி. பங்குனி சித்திரையில் மழை ஒன்று பெய்தால் காப்பி பூத்து மல்லிகை போல மணக்கும். தை மாசியில் வீட்டு முற்றங்களில் மிளகு காய்ந்துகொண்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் சரிவுகளில் சாமையும் கேழ்வரகும் நிற்கும். அழிந்து வந்த இச்சிறுதானியங்களை மீட்க எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளாக இம்மக்களோடு உழைத்திருக்கிறது.

அப்படியொரு சாலையின் மேட்டில் வண்டியை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். முற்றத்தில் மிளகு துழாவிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி நிமிர்ந்து, “எந்தூரு சாமி? வேண்டுதலா?” என்று கேட்டார். இல்லை, சும்மாதான் வந்தேன் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. “பஸ்சு இருக்குதே, சாமி. வேண்டுதல் இல்லாம எதுக்கு இந்தப் பாடு?” என்று சொல்லிக்கொண்டே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்தச் சாலை போடுவதற்கு முன்னர்ப் பிரசவ வலி கண்டவளைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போனதையும் அவரே சொன்னார்.

அதை அறிந்தபின் இந்தச் சாலைகளின் அமைதியைப் பற்றி நான் பேசும் விதம் மாறியது. நமக்கு மனம் ஒடுங்கும் இடமாகத் தோன்றுவது அவர்களுக்கு மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்லும் வழி. நமக்காகப் போடப்பட்ட சாலையன்று அது. விருந்தாளி எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படித்தான் அதில் செல்லவேண்டும். கிளைச்சாலைகளின் ஓரத்தில் மதுப்புட்டிகளும் நெகிழித் தட்டுகளும் கிடப்பதை இப்போது காண்கிறோம். உடைந்த கண்ணாடி மிதிவண்டியின் டயரைக் கிழிக்கும். செருப்பில்லாமல் ஆடு ஓட்டிச் செல்லும் சிறுவனின் காலையும் கிழிக்கும். கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோக ஒரு துணிப்பை போதும்.

மலையின் தெய்வங்களும் இந்த அமைதியைச் சேர்ந்தவர்களே. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவையை எட்டுக்கை அம்மனாக இங்கே வழிபடுகிறார்கள். மாசி பெரியண்ணசாமி சமவெளியிலுள்ள எத்தனையோ குடும்பங்களுக்குக் குலதெய்வம். அவர் இருப்பது குன்றின் உச்சியில். மிதிவண்டியைக் கீழே விட்டுவிட்டு நடந்தே ஏறவேண்டும்.

அறப்பளீசுவரரின் தல வரலாறு எளியது. உழவன் ஒருவன் நிலத்தை உழுகையில் கலப்பையின் கொழு எதிலோ இடித்து நின்றது; தோண்டிப் பார்க்க, குருதி கசியும் சிவலிங்கம். அத்தழும்பு இன்றும் லிங்கத்தின் மேல் உண்டு என்பர். ஏரோட்டுபவனின் கைக்கு அகப்பட்டு, வலியோடு வெளிப்பட்ட இறைவன் அவர். வரும் வழியெங்கும் சரிவுகளில் உழுத நிலங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவர்க்குச் சந்நிதியில் அக்கதை கதையாகத் தோன்றாது. கோயிலையொட்டிய ஆற்று மீன்களை இங்கே யாரும் பிடிப்பதில்லை. முன்னொரு காலத்தில் சமைத்த மீன்களே உயிர்பெற்று நீருக்குள் துள்ளின என்பது நம்பிக்கை. அன்பர்கள் பொரி இடுகிறார்கள்.

பையில் ஒரு வேட்டியும் துண்டும் இருக்கட்டும். வியர்வை உடையோடு சந்நிதிக்குள் செல்லவேண்டாம். நடுப்பகலில் நடை சாத்துவார்கள் என்பதையும் கணக்கில் கொள்க. ஐயாறு சற்றுத் தொலைவில் ஏறத்தாழ முந்நூறு அடி வீழ்ந்து ஆகாய கங்கை ஆகிறது. அதைக் காண ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கவேண்டும். பிறகு ஏறவும் வேண்டும். அன்று காலையில்தான் மிதித்து வந்தவர்கள் இதை மறுநாளைக்கு வைத்துக்கொள்வது நல்லது. செம்மேட்டில் தங்குமிடங்கள் உண்டு.

இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்தானது. இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு அழுத்தியே சொல்லவேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வந்தால் சக்கர விளிம்பு சூடேறி ட்யூப் வெடிக்கக்கூடும். விட்டுவிட்டுப் பிடிக்கவேண்டும், முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்கவேண்டும், வளைவுக்குள் நுழையுமுன்னரே விரைவைக் குறைத்துவிடவேண்டும். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை முறை. பத்து வளைவுக்கு ஒருமுறை இறங்கி நின்றால் சக்கரமும் ஆறும். பலகை எண் அறுபது, ஐம்பது என்று குறைந்துவருவதையும் பார்க்கலாம். இருபதுக்குக் கீழே வரும்போது காற்றில் குளிர்ச்சி போய்விடும். காரவள்ளியில் தேநீர் சொல்லிவிட்டு விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு நிதானமாக வந்திருந்தாலும் இளஞ்சூடாகத்தான் இருக்கும்.