வியாழன் வழியில் வீரர்கள்

கோள்களிலே பெருங்கோள் வியாழன். அது செல்லும் வழியிலேயே சிறுகோள்கள் பல அஞ்சாமல் உடன் ஓடுகின்றன என்றோம் வகுப்பில். "விழுங்கிவிடாதா, ஐயா?" என்று எழுந்து கேட்டான் ஒரு மாணவன். விழுங்கவில்லை! ஏன் விழுங்கவில்லை என்பதிலே இருக்கிறது, தோழர்களே, அறிவுக்கு விருந்து.

1772ஆம் ஆண்டு, மூன்று பொருள்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் நடப்பதென்ன என்று கணக்கிட்டார் கணிதப் பேரறிஞர் லாக்ராஞ்சு. பாரிஸ் அறிவியற் கழகம் பரிசளித்தது. வியாழனை வைத்துச் சொல்வதானால், கதிரவன் ஒரு முனை, வியாழன் மறு முனை, சிறுகோள் மூன்றாம் முனை. மூன்று பக்கமும் சமம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 78 கோடி கிலோமீட்டர். அந்த முக்கோணம் குலையாமல் சுழலும் என்றது கணக்கு. வானில் இப்படி ஒன்று உண்டென்று அவரே கருதவில்லை. ஏட்டில் எழுதி வைத்தார், அவ்வளவே!

134 ஆண்டுகள் உருண்டன. 1906 பிப்ரவரி 22ஆம் நாள் இரவு, ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் மாக்ஸ் வுல்ப் எடுத்த நிழற்படத் தகட்டில் புதிதாக ஒரு சிறுகோள் பதிந்தது. அதன் பாதையைக் கணக்கிட்டனர். வியாழனுக்கு 60 பாகை முன்னே, லாக்ராஞ்சு காட்டிய அதே முனையருகே நின்றது அது! அக்கிலீஸ் என்று பெயரிட்டனர். ஞானதிருஷ்டி எதுவும் தேவைப்படவில்லை. எழுதுகோலும் தாளும் கூறிய குறி அது.

மாணவன் கேள்விக்கு வருவோம். முன்னே ஓடும் சிறுகோள் சற்றே பின்தங்கி வியாழனை நெருங்குகிறது. வியாழன் அதைப் பின்னோக்கி இழுக்கிறது. இழுத்தால் வேகம் குறையும், பிடிபடும் என்றுதானே எண்ணுவோம்? நடப்பதோ நேர்மாறு! இழுபட்ட சிறுகோள் கதிரவன் பக்கம் சரிகிறது. கதிரவனை நெருங்கிய வட்டத்திலே ஓட்டம் விரைவு. ஆகவே முன்னே பாய்ந்துவிடுகிறது. இழுத்தவனே விரட்டியவனாகிறான்! இப்படி ஊசலாடி ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 150 ஆண்டுகள்.

இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்டவை தெரியவந்துள்ளன. முன்னே செல்வனவற்றுக்குக் கிரேக்க வீரர் பெயர், பின்னே வருவனவற்றுக்கு டிராய் வீரர் பெயர் என்ற முறை பிறகே வந்தது. அதற்கு முன்பே பெயர் பெற்றுவிட்ட டிராய் வீரன் ஹெக்டர் கிரேக்கர் பாசறையிலும், கிரேக்கன் பட்ரோக்ளஸ் டிராய் பாசறையிலும் அகப்பட்டுக்கொண்டனர், பாவம்!

அமெரிக்கர் 2021 அக்டோபரில் ஏவிய 'லூசி' விண்கலம், திட்டப்படி 2027 ஆகஸ்டில் கிரேக்கர் பாசறையை எட்ட வேண்டும். 2033இல், பகைவர் நடுவே நிற்கும் பட்ரோக்ளஸை.