அளந்த இடத்தையும் எழுதுங்கள்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. நூல் சுற்றும் ஆட்டோகோனரில் அறுந்த நூலை ஒட்டும் ஸ்ப்ளைஸருக்குக் காற்று போதவில்லை, இன்னொரு கம்ப்ரஸர் வாங்கலாமா என்று கேட்டார்கள். நாலு இஞ்ச் பைப்பில், எல்போவை ஒட்டியிருந்த வால்வு வழியாகக் காற்றோட்டம் அளக்கும் கருவியின் கம்பியை இறக்கினேன். ரீடிங் நிலையாக நிற்கவில்லை. மூன்று மீட்டர் தள்ளி நேரான இடத்தில் இறக்கியதும் அடங்கியது. எண்ணும் வேறாக இருந்தது. “ஒரே பைப்பு, ஒரே காத்து. ரெண்டு கணக்கு எப்படிங்க சார் வரும்?” என்றார் ஃபிட்டர். அவருக்குச் சொன்னவைதான் இவை.

*

வளைவில் திரும்பும் காற்று சுழலும்; ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் போகும். அளக்கும் இடத்துக்கு முன்னால் குழாய் விட்டத்தைப்போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேராக இருக்கட்டும். நாலு இஞ்ச் என்றால் முன்னால் ஒரு மீட்டர், பின்னால் அரை மீட்டர்.

*

கம்பி முனையில் சூடேற்றிய சின்ன உணரி இருக்கிறது. ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும். சூடு இறங்காமல் காக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து ஓட்டம் தெரியும். டீயை ஊதி ஆற்றுகிற அதே சங்கதி.

*

ஆலைக்குள் ஈரக்காற்று அனுப்பும் ஹியூமிடிஃபிகேஷன் டக்டுக்கு, அழுத்த வேறுபாட்டைக் கொண்டு வேகம் காட்டும் பிட்டோ குழாய் போதும். 1732-இல் ஆன்ரி பிட்டோ பாரிஸின் சேன் ஆற்றில் நீரோட்டம் அளந்த முறை இது. காற்று நொடிக்கு 4 மீட்டர் ஓடினால் அழுத்த வேறுபாடு சுமார் 10 பாஸ்கல். 8 மீட்டருக்கு 40. ஒரு மீட்டருக்கோ 0.6 பாஸ்கல்தான். மெதுவான காற்றில் இதை நம்பக் கூடாது.

*

வேகத்தைக் குழாயின் உள் குறுக்குவெட்டுப் பரப்பால் பெருக்கினால்தான் ஓட்டம். நாலு இஞ்ச் பைப்பில், சுவர்த் தடிமனைக் குறிக்கும் ஷெட்யூல் 40-இன் உள்விட்டம் 102.3 மி.மீ., ஷெட்யூல் 80-க்கு 97.2. வெளியே இரண்டும் ஒரே விட்டம். பெயின்ட் அடித்துவிட்டால் பார்த்துச் சொல்ல முடியாது. மாற்றிப் போட்டால் கணக்கில் 10 சதவீதத்துக்கு மேல் பிசகும்.

*

7 பார் லைனில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று, வெளியே வந்தால் சுமார் 8 கன மீட்டர். கம்ப்ரஸர் பிளேட்டில் இருப்பது வெளிக்காற்றின் கணக்கு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது.

*

வார விடுமுறையன்று கம்ப்ரஸரை மட்டும் ஓட்டச் சொன்னேன். ஒரு மெஷினும் ஓடவில்லை; கருவியில் ஓட்டம் பூஜ்யத்துக்கு வரவில்லை. அத்தனையும் லீக். ஃபிட்டர் சோப்புத் தண்ணீரும் பிரஷும் எடுத்துக்கொண்டு ஜாயின்ட் ஜாயின்ட்டாகப் போனார். ஒரு ஹோஸ் கிளாம்ப்பில் நுரை பொங்கி வந்தது. கையை வைத்துப் பார்த்தவர் பேசவே இல்லை. 7 பாரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று ஏறக்குறைய 3 கிலோவாட் தின்னும். வருடத்துக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 24,000 யூனிட்.

*

ரீடிங் எழுதும்போது இடம், நேரம், உள்விட்டம், எத்தனை பார், எத்தனை டிகிரி என்று ஐந்தையும் சேர்த்து எழுதுங்கள். இவை இல்லாத எண்ணை நம்பிப் புது கம்ப்ரஸர் வாங்காதீர்கள். முதலில் ஒரு விடுமுறை நாளில் அளந்து பாருங்கள்.