நா மறந்தாலும் மறவாத வழிபாடு

பாலாற்றங்கரையில் அமைந்த வாணியம்பாடி, இன்று தோல் பதனிடும் தொழிலால் அறியப்படும் ஊர். அவ்வூரின் பெயர்க்காரணம் கூறும் தலபுராணமோ வாக்கின் பெருமையைப் பேசுகிறது. பிரமதேவரின் சாபத்தால் பேச்சிழந்த வாணி, இத்தலத்தில் சிவபெருமானை வழிபட்டு, இழந்த வாக்கை மீண்டும் பெற்றுப் பாடினாள். ஆதலின் இது வாணியம்பாடி ஆயிற்று என்பர். பழைய வாணியம்பாடியில் பெரியநாயகி உடனுறை அதிதீஸ்வரராக இறைவன் எழுந்தருளியுள்ளார்.

வாக்கை இழத்தலும், வழிபாட்டால் அதனைக் காத்தலும் புராணத்தோடு முடிந்துவிடவில்லை. வாணியம்பாடியை அடுத்த வட ஆர்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்து பிஜித் தீவுக்குச் சென்று, அங்கேயே நிலைத்துவிட்டவர்களின் வரலாறும் அத்தகையதே.

1903ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தென்னிந்தியர் பிஜிக்கு அனுப்பப்பட்டனர். 1916இல் ஆள் அனுப்புதல் நிற்கும் வரை சென்றோர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களை அனுப்பிய மாவட்டங்களுள் வட ஆர்க்காடு முன்னணியில் நின்றது. மழை பொய்த்தமையும் கடன் சுமையும் ஆள் சேர்ப்போரின் ஆசை வார்த்தைகளும் அவர்களைக் கப்பலேற்றின. ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கு. 10 ஆண்டுகள் தங்கினால் திரும்பும் பயணம் இலவசம். எனினும் பலர் திரும்பவில்லை. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கரும்பு பயிரிட்டு, அம்மண்ணிலேயே வேரூன்றினர். விரைவில் வருவதாகச் சொல்லிச் சென்ற மகனை எண்ணி, இங்கே எத்தனை தாயர் வாசற்படியில் காத்திருந்தனரோ!

தோட்டக் குடியிருப்புகளில் வட இந்தியரே மிகுதி. ஆகவே இந்துஸ்தானியே பொதுமொழியாயிற்று. தலைமுறைகள் செல்லச் செல்ல, வீட்டுப் பேச்சிலிருந்து தமிழ் மெல்ல விலகியது. ஆயினும் மாரியம்மனும் முருகப்பெருமானும் விலகவில்லை. காவடியும் தீமிதியும் தொடர்ந்தன. 1926இல் நாண்டி நகரில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தோன்றியது. அது பள்ளிகளை நிறுவித் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்தது. அந்நகரின் சிவசுப்பிரமணிய சுவாமி ஆலயம், திராவிடக் கட்டடக் கலை மரபில் புதிதாக எழுப்பப்பெற்று 1994இல் குடமுழுக்குக் கண்டது. இல்லத்தில் வேற்றுமொழி பேசுவோரும் சந்நிதியில் முருகனைத் தமிழால் அழைக்கின்றனர். மனையில் தளர்ந்த மொழிக்கு ஆலயம் புகலிடமாயிற்று.

இக்காலத்தில் பிள்ளைகள் செல்வது கூலிக்கப்பலில் அன்று, விமானத்தில். அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ வீடு வாங்கி, அந்நாட்டுக் குடியுரிமையும் பெறுகின்றனர். இனி அவர்கள் திரும்பார் என்பதை முதிய பெற்றோர் உள்ளூர அறிவர். அத்துயரம் இயல்பானதே. ஆனால் அதிலேயே அமிழ்ந்துவிட்டால், செய்யத்தக்க கடமை கைநழுவிப் போகும்.

பிஜி சென்றவர்களின் பெற்றோருக்குக் கிட்டாத ஒரு பேறு இன்றைய பெரியோருக்குக் கிட்டியிருக்கிறது. கைப்பேசியில் பேரக்குழந்தையின் முகத்தைக் காண முடிகிறது. அந்நேரத்தில், "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நில்லாமல், குலதெய்வத்தின் பெயரையும் அது குடிகொண்ட ஊரையும் சொல்லலாம். வாரம் ஒரு தேவார அடியையோ திருப்புகழ் அடியையோ உடன்சேர்ந்து பாடலாம். குழந்தைக்குப் பொருள் பின்னர் விளங்கட்டும். ஓசை முதலில் நாவில் பதியட்டும்.

பிள்ளைகளை ஊருக்கு வரவழைப்பது பெரியோர் கையில் இல்லை. அவர்களுடைய பிள்ளைகளின் நாவில் இறைவன் திருநாமத்தைத் தமிழில் வைப்பது, இன்றும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.