சீனி இல்லாமல் ஒரு டீ

ரிட்டயர்டு ஆன பிறகு என்ன செய்கிறீர்கள் என்று தேவாரம் கடைவீதியில் யார் கேட்டாலும், "பைத்தான் படிக்கிறேன்" என்கிறேன். பாம்பா என்று பயந்தே போனார் ஒருவர். நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ரோசம் 1991-ல் வெளியிட்ட கணினி மொழி அது. கோவையில் படிக்கும் பேரன் போனில் வாத்தியார், நான் மாணவன்.

அந்த மொழியில் பல வேலைகளுக்குக் கட்டளைகள் தயாராகவே இருக்கின்றன. கட்டளையின் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் விவரத்தைக் கொடுத்தால் போதும். சில விவரங்கள் கட்டாயம். சிலவற்றை விரும்பினால் கொடுக்கலாம். நம்மூர் டீக்கடை மாதிரிதான். "ஒரு டீ" என்றால் வழக்கமான சீனியோடு வந்துவிடும். என்னைப்போல் சர்க்கரை உள்ளவர்கள்தான் "சீனி இல்லாம" என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பெயர் சொல்லிக் கொடுக்கும் விவரங்களை முன்பின்னாக எழுதினாலும் குற்றமில்லை. தமிழனுக்கு இது புதிதா? 'நாய் மனிதனைக் கடித்தது', 'மனிதனை நாய் கடித்தது' இரண்டும் ஒன்றுதானே. 'ஐ' என்ற வேற்றுமை உருபு கடிபட்டவனைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் இடத்தை மாற்றினால் மனிதன் நாயைக் கடித்துவிடுவான்!

சென்ற மாதம் இது ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. ஏலத்தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் உறவினர், காய் எடுத்த பெண்களின் எடைப் பட்டியலை அனுப்பி, அதிகம் எடுத்தவர் மேலே வரும்படி அடுக்கித் தரச் சொன்னார். முதலில் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஏதோ கொடுப்பார்களாம். 'சார்ட்டட்' என்ற கட்டளை சும்மா விட்டால் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கும். 'ரிவர்ஸ் = ட்ரூ' என்றால் தலைகீழாகும். ஆனால் அந்த எடைகள் எழுத்தாகப் பதிவாகியிருந்தன. எழுத்தாகப் பார்த்தால் 1-ஐவிட 9 பெரிது. ஆகவே 9, 12, 10 என்றுதான் வரும். விடியலில் ஜீப்பேறி மலைக்குப் போய் 12 கிலோ எடுத்தவர், 9 கிலோவுக்குக் கீழே நிற்பார். 'கீ = இன்ட்' என்று ஒரு சொல் சேர்த்ததும் எண்ணாக எடுத்துக்கொண்டு 12, 10, 9 என்று அடுக்கியது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். 'ஹெல்ப்' என்று எழுதி அடைப்புக்குறிக்குள் கட்டளையின் பெயரைப் போட்டால், என்னென்ன கேட்கலாம் என்று அதுவே சொல்லும். மறதி வந்துவிட்ட நம் வயதுக்காரர்களுக்கு இதைவிட ஆறுதல் என்ன வேண்டும்? தைரியமாக ஆரம்பியுங்கள்.