கோவலனை ரசிக்கலாம்... கோயில் கண்ணகிக்குத்தான்!

‘ஒரே ஒரு எபிசோடு பார்த்துட்டுப் படுத்துடலாம்’ என்று ஆரம்பித்து, போனில் சார்ஜ் தீரும்வரை பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அதிலும் பழைய காலத்துக் கதை, நிதானமாக நகரும் கதை, நடுவில் யோக்கியன் என்று சொல்ல முடியாத ஒரு மனுஷன்... இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் எனக்குத் தூக்கம் போச்சு.

‘மேட் மென்’ தொடரின் டான் டிரேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 1960-களின் நியூயார்க்கில் விளம்பர நிறுவனத்தில் வேலை. இன்னொருவன் பெயரை எடுத்துக்கொண்டு வாழ்கிறவன். கட்டிய மனைவியிடம் வாய் கூசாமல் பொய் சொல்கிறவன். அவன் கதையை 7 சீசன், 92 எபிசோடு பார்த்தது உலகம். ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ டாமி ஷெல்பி, முதல் உலகப் போரிலிருந்து திரும்பி வந்து பர்மிங்ஹாமில் ரவுடிக் கும்பல் நடத்துகிறவன். நம் நாட்டுக் கதை வேண்டுமென்றால், 2020-ல் வந்த ‘ஸ்கேம் 1992’. பங்குச்சந்தை மோசடியில் சிக்கிய ஹர்ஷத் மேத்தாவின் கதை அது. மூன்று பேரில் ஒருவருக்கும் நம் வீட்டுப் பெண்ணைக் கொடுக்க மாட்டோம். ஆனால், அவர்கள் மாட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில் நமக்கு ஏன் படபடப்பு வருகிறது?

பழக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கம்பத்திலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் முதலில் யாரோ. விடியும்போது அவருடைய கடன், மருமகள் சண்டை, சர்க்கரை அளவு எல்லாம் தெரிந்துவிடும். இறங்கும்போது ‘பார்த்துப் போங்கண்ணே’ என்போம். சினிமாவுக்கு இருக்கும் மூன்று மணி நேரத்தில் ஒருவன் நல்லவனா, கெட்டவனா என்று சட்டென்று முடிவாகிவிடும். இந்தத் தொடர்களில் அவன் பிள்ளையோடு சாப்பிடுவதையும், தூக்கம் வராமல் புரளுவதையும் மணிக்கணக்கில் பார்க்கிறோம். தீர்ப்புச் சொல்ல நாக்கு எழாது.

இந்த ருசி நமக்கு போன் வந்த பிறகு வந்ததில்லை. எங்கள் தேனிப் பக்கத்துத் திருவிழாக்களில் ராத்திரி பத்து மணிக்குமேல் ஆரம்பித்து விடிய விடிய இசை நாடகம் நடக்கும். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய ‘கோவலன்’ நாடகம் என்றால் கிழவிகள் பாயோடு வந்து முன்வரிசையில் இடம் பிடிப்பார்கள். அதே கதை 1942-ல் பி.யு.சின்னப்பா நடித்து ‘கண்ணகி’யாகவும், 1964-ல் எஸ்.எஸ்.ராஜேந்திரன் நடித்து ‘பூம்புகார்’ ஆகவும் சினிமாவுக்கு வந்தது. மனைவியை விட்டு மாதவியிடம் போய், சொத்தையெல்லாம் தொலைத்துவிட்டு, கடைசியில் மனைவியின் சிலம்பை விற்க வந்த ஒருவனுக்காகத் தலைமுறை தலைமுறையாக அழுதிருக்கிறோம்.

இளங்கோவடிகள் கதை சொல்லும் விதத்தைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் 30 காதைகள். கோவலன் ஊதாரியாகப் போனதெல்லாம் முதலிலேயே வந்துவிடுகிறது. 15-வதான அடைக்கலக் காதையில்தான், மாடலன் என்ற மறையவர் வாயிலாக அவன் செய்த நல்லதெல்லாம் தெரியவருகிறது. மதம் பிடித்த யானையிடமிருந்து ஒரு முதியவரைக் காப்பாற்றியவன். இன்னொருவனுக்காகத் தன் உயிரையே கொடுக்கத் துணிந்தவன். ‘அடடா, இவன் இப்படிப்பட்டவனா!’ என்று நாம் நெகிழும் நேரம் பார்த்து, 16-வது காதையில் அவன் வெட்டுப்பட்டுச் சாகிறான். இன்றைய வெப் சீரிஸ்காரர்கள் செய்வதும் இதே வேலைதான்.

ஆனால், அதே 16-வது காதையில் சாவுக்கு முன்னால் இன்னொரு காட்சி இருக்கிறது. மாதரி வீட்டில் கண்ணகி தன் கையால் சமைத்துப் போட, கோவலன் சாப்பிடுகிறான். பிறகு, தான் செய்த தவற்றையெல்லாம் சொல்லி வருந்துகிறான். அப்போதுதான் கண்ணகி வாய் திறக்கிறாள். விருந்தினரைக்கூட உபசரிக்க முடியாமல் தனியாக இருந்ததையும், தன் பொய்ச் சிரிப்பைப் பார்த்து மாமனார், மாமியார் மனம் வருந்தியதையும் சொல்கிறாள். ‘நீங்கள் செய்தது சரியில்லை’ என்று முகத்துக்கு நேராகவே சொல்கிறாள். அந்தப் பொய்ச் சிரிப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியம்மா ஞாபகம் வரும்.

பெரியப்பா ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஓட்டியவர். நல்ல குரல், கைநிறைய காசு, யாருக்கும் இல்லை என்று சொல்லாத மனசு. மலையில் அவருக்கு இன்னொரு குடும்பமும் இருந்தது. பெரியம்மா வாசலில் இட்லிக் கடை போட்டு மூன்று பிள்ளைகளைக் கரையேற்றினார். அறுபது வயதுக்கு மேல் உடம்பு முடியாமல் பெரியப்பா திரும்பி வந்தார். பெரியம்மா ஒன்றும் கேட்காமல் சோறு போட்டார். கோவலன் வருந்தினானே, கண்ணகி பேசினாளே... அந்தக் காட்சி மட்டும் எங்கள் வீட்டில் கடைசிவரை நடக்கவே இல்லை. பெரியப்பா போன பிறகு, ‘மனுஷன் ராஜா மாதிரி வாழ்ந்தாருய்யா’ என்று ஊரே அவர் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பெரியம்மா கதையை யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் நான் ‘மேட் மென்’ பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இங்கிலீஷ் தெரியாது. டான் வீட்டுக்கு வராத ஒரு ராத்திரி, அவன் மனைவி பெட்டி தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் அவன் எங்கே போனான் என்ற கதையை விளக்கிக்கொண்டிருந்தேன். பெரியம்மா கையமர்த்திவிட்டுக் கேட்டார்: “அவன் எங்கிட்டும் போறான், விடு. அந்தப் புள்ள சாப்பிட்டாளா?”

அன்றிலிருந்து நான் தொடர் பார்க்கும் விதமே மாறிவிட்டது. மூன்றாவது சீசனில் அந்த பெட்டி, டான் பூட்டியே வைத்திருக்கும் மேசை டிராயரைத் திறந்து அவன் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறாள். எத்தனை எபிசோடு அவளுடைய காத்திருப்பைப் பார்த்திருந்தால் அந்தச் சாவி திரும்பும் சத்தம் நமக்குக் கேட்கும்! மெதுவாகப் போகும் கதையின் உண்மையான லாபம் இதுதான். வேகமான கதையில் அவன் ஸ்டைல் மட்டும் மனசில் நிற்கும். நிதானமான கதையில் அந்த ஸ்டைலுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதும் தெரியும்.

எங்கள் பள்ளத்தாக்கு இதை என்றைக்கோ தெரிந்துவைத்திருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி, வைகைக் கரையோடு மேற்கே நடந்து வந்து விண்ணுலகம் போனதாகச் சொல்லப்படும் மலை கூடலூருக்கு மேலே இருக்கிறது. அங்கே தமிழக - கேரள எல்லையில், புலிகள் காப்பகக் காட்டுக்குள் மங்கலதேவி கண்ணகி கோயில். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமிக்குத்தான் பக்தர்களுக்கு அனுமதி. அதுவும் பகலில் மட்டும். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம். பளியன்குடி வழியாக ஏறுகிறவர்கள் காட்டுப் பாதையில் நடந்தே போகிறார்கள். பெரியம்மாவும் முழங்கால் வலியோடு ஒருமுறை நடந்தே ஏறியவர்.

கடைசியில் வானூர்தியில் வந்து கண்ணகியை அழைத்துப் போகிறவன் கோவலன்தான் என்று கதை சொல்கிறது. நம் மக்கள் அவனையும் தள்ளிவைத்துவிடவில்லை. அவனுக்காக நாடகத்தில் விடிய விடிய அழுதார்கள். ஆனால், மலை ஏறிப்போய்க் கும்பிடுவது அவளைத்தான்.

டான் டிரேப்பரையும் டாமி ஷெல்பியையும் தாராளமாக ரசியுங்கள், நானும் ரசிக்கிறேன். எபிசோடு முடிந்து போனைக் கீழே வைக்குமுன், அந்த வீட்டில் இன்னும் யார் தூங்காமல் இருக்கிறார்கள் என்று ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வீட்டிலும்தான்.